முன்பக்கம் தூக்கிய ட்ரக்கும் என் முதுகும்

பழைய 2500 எச்டி (கனரக வகை) பிக்அப் ட்ரக் ஒன்றை, முன்னால் மாட்டிப் பனி தள்ளும் ஸ்னோ ப்ளவ்வோடு சேர்த்து வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். கனடாவில் டொரொன்டோவை ஒட்டி, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் குளிர்காலத்தில் பனி தள்ளும் ஒப்பந்தம் எடுக்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் எஞ்சின் எப்படி, கியர் மாறும்போது இடிக்கிறதா, சேசிஸ் கறள் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். முன் சில்லுகளைத் தாங்கும் டோர்ஷன் பாரை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் 2,600 டொலருக்கு மேல் காசும், ஒரு கோடைகாலத்தின் பெரும்பகுதியும் வீணாகப் போயின.

நான் வாங்கியது 2009ஆம் ஆண்டு ஜிஎம்சி சியெரா 2500 எச்டி. ஆறு லீற்றர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சில்லு இயக்கம், முன்னால் எட்டு அடி ப்ளவ். இரண்டு பிளாசாக்களின் பார்க்கிங் லொட்டைத் துப்புரவாக்கும் வேலை கைக்கு வந்திருந்த நேரம். நவம்பருக்குள் வண்டி வேண்டும். விற்றவர் மரியாதையாகப் பேசினார், வண்டியும் பார்க்க எடுப்பாக நின்றது. பொதுவாக இந்த ட்ரக்குகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மூக்கு சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும். பின்னால் பாரம் ஏற்றும்போது சமமாக வரட்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். என்னுடையது பின்னால் ஒன்றும் இல்லாமலே, முன்னால் ப்ளவ் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, நேர்மட்டமாக நின்றது. இன்று அப்படி ஒரு வண்டியைக் கண்டால் முதல் வேலையாகக் கீழே படுத்துப் பார்ப்பேன். அன்று அது வடிவாக இருக்கிறது என்று மட்டும்தான் பட்டது.

குளிர்காலம் குறையில்லாமல் போனது. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, பனி தள்ளி, உப்புப் போட்டு, ஏழு மணிக்குள் கடைக்காரர்கள் வரமுன் முடித்துவிட வேண்டும். வண்டி கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடியது. ஆனாலும் பாரம் இழுக்கிற வண்டி, கார் மாதிரி இருக்காது என்று எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் நடுவில் ப்ளவ்வைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன். ஏதோ வேறு வண்டியில் ஏறி இருப்பதுபோல இருந்தது. நெடுஞ்சாலைப் பாலங்களில் கொங்கிரீட் இணைப்பு வரும் இடமெல்லாம் முன்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு அடி ஸ்டியரிங் வழியாகத் தோளுக்கு வந்தது. உறைந்து உருகிப் பெயர்ந்த வசந்தகால வீதிகளில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் விழுந்தது. அம்மாவை ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் கதவுப் பிடியை விடவே இல்லை. திரும்பி வரும்போது, ஊரில் மாட்டு வண்டிலில் கல் ரோட்டில் போனதுகூட இவ்வளவு குலுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமையிலிருந்து தங்கச்சியின் காரைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், நோயின் அடையாளமே இதுதான். முன்னால் முந்நூறு, நானூறு கிலோ இரும்பு தொங்கும்போது வண்டி ஒழுங்காக ஓடியது. அந்தப் பாரத்தை எடுத்தவுடன் குலுக்குகிறது. ஷொக் அப்சோபர் செத்துப்போன வண்டி என்றால் பாரம் கூடும்போதுதான் நிலைமை மோசமாகும். பாரம் குறைந்து மோசமாகிறது என்றால் முன்பக்கத்தின் உயரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நான் போன எந்த கராஜிலும், ப்ளவ்வைக் கழற்றிய பிறகுதான் இப்படியாகிறது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் போன இடத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஷொக் போய்விட்டது என்றார்கள். முன்னிரண்டும் புதிதாகப் போட்டதில் கூலி, வரி எல்லாம் சேர்த்து 640 டொலர். வெளியே எடுத்து முதல் பள்ளத்தில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டால், புது ஷொக் கொஞ்சம் பழக வேண்டும் என்று ஒரு பதில். அதற்குப் பிறகு வேறு இடம். அங்கே வண்டியைத் தூக்கிச் சில்லை ஆட்டிப் பார்த்து, போல் ஜொயின்ட்டிலும் ஸ்டியரிங்கின் ஐட்லர் ஆர்மிலும் தளர்வு இருக்கிறது என்றார்கள். அது பொய்யில்லை, தளர்வு இருந்தது. 1,150 டொலர். ஸ்டியரிங் கொஞ்சம் இறுகியது, இடி அப்படியே இருந்தது. அதற்குள் முன் ரயர்கள் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. இரண்டு ரயருக்கு 560. இந்த வேலைகளோடு சேர்த்து இரண்டு தடவை அலைன்மென்ட் (சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை), அதற்கு 280.

அலைன்மென்ட் செய்த இடத்தில் தந்த தாளை நான் மடித்து டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தேன். பின்னால் அதைப் பார்த்த ஒருவர்தான் விளக்கினார். எண்கள் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தாலும், கேம்பர், அதாவது சில்லு உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், ஒரு பக்கம் எல்லைக்குள் மயிரிழையில்தான் நின்றது. மேல் கொன்ட்ரோல் ஆர்மில் (சில்லைச் சேசிஸோடு இணைக்கும் கைகளில் மேலே உள்ளது) இருக்கும் சரிசெய்யும் போல்ட்டுகள் போகக்கூடிய கடைசி அளவுவரை திருப்பப்பட்டிருந்தன. அந்த போல்ட் எல்லையில் நிற்கிறது என்றால் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஆகவே அலைன்மென்ட் செய்பவரிடம் ‘எல்லாம் பச்சையா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சரிசெய்ய இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்றும், வேலைக்கு முன் வண்டியின் உயரத்தை அளந்தீர்களா என்றும் கேளுங்கள். உயரம் சரியில்லாத வண்டிக்கு அலைன்மென்ட் செய்து பிரயோசனமில்லை. கோணங்களை உயரம்தான் தீர்மானிக்கிறது.

இனி டோர்ஷன் பார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சாதாரண வண்டியில் சுருள் ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே நேரான உருக்குத் தண்டு ஒன்று செய்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, சேசிஸுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக நீளமாகக் கிடக்கும். தண்டின் முன் முனை கீழ் கொன்ட்ரோல் ஆர்மில் செருகியிருக்கும். பின் முனை சீட்டுக்குக் கீழ்ப் பக்கமாக ஒரு குறுக்குச் சட்டத்துக்குள் போய், ‘கீ’ என்று சொல்லும் சிறிய நெம்புகோலில் பூட்டியிருக்கும். சில்லு மேலே போகும்போது ஆர்ம் தண்டை முறுக்கும். முறுக்கைத் தண்டு எதிர்ப்பதுதான் ஸ்பிரிங். கீயைக் கீழிருந்து ஒரு போல்ட் தள்ளிப் பிடித்திருக்கும், அதைத் திருக்கினால் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் இறங்கும். நான்கு சில்லு இயக்கமுள்ள வண்டியில் முன் அச்சுத்தண்டு போகும் இடத்தில் சுருள் ஸ்பிரிங்கை வைப்பது இடைஞ்சல். அதனால்தான் ஜிஎம் கனரக பிக்அப்களில் இதை விடவில்லை. 2007இல் புதிய தலைமுறை வந்தபோது இலகுவான 1500 வகைக்குச் சுருள் ஸ்பிரிங் வந்தது, 2500உம் 3500உம் டோர்ஷன் பாரோடேயே தொடர்ந்தன. டோர்ஷன் பார் என்றாலே குலுக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். 1957இல் கிரைஸ்லர் தன் கார்களுக்கு இதைப் போட்டு, சொகுசான ஓட்டம் என்று சொல்லித்தான் விற்றது.

அந்த போல்ட் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதுதான் பிரச்சினை. ஒரு ரென்ச் இருந்தால் யாரும் வீட்டு வாசலில் வைத்தே முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிடலாம், செலவில்லை. பெரிய ரயர் போடுவதற்காகச் சிலர் தூக்குகிறார்கள், பார்வைக்குச் சமமாக நிற்கட்டும் என்று சிலர். ப்ளவ் போட்டதும் மூக்குத் தாழ்கிறது என்று தூக்குபவர்கள் வேறு. என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் மூன்றாவது வகையாக இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட்டில், ஒரு தெரிந்தவர் சொல்லி, ஸ்காபரோவில் சின்னதாகத் தனியே கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் போனேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, தூக்கவும் இல்லை. தட்டையான இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, முன் சில்லுக்குப் பின்னால் குந்தி, டோர்ச் அடித்து மேலே பார்த்தார். பிறகு என்னையும் குனியச் சொன்னார்.

“தம்பி, உந்த மேல் ஆர்முக்குக் கீழ கறுப்பு ரப்பர் ஒண்டு தெரியுதோ? அதுக்கும் ஆர்முக்கும் இடையில உன்ர விரல் போகுதோ எண்டு பார்.”

போகவில்லை. சுண்டுவிரல்கூடப் போகவில்லை. அந்த ரப்பர் நசுங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

“சில்லு கீழ இறங்க இடமே வைக்கேல்லை. முன்னுக்குத் தூக்கிப்போட்டு வைச்சிருக்கினம். நீ எத்தினை ஷொக் மாத்தினாலும் உது இடிக்கத்தான் செய்யும்.”

அவர் அதற்குப் பிறகு சொன்னதைத்தான் ஏப்ரலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆத்திரம் வரும். சில்லுக்கு மொத்தமாக ஒரு குறிப்பிட்ட தூரம்தான் மேலும் கீழும் போக முடியும். வண்டி நிற்கும் உயரம் அந்தத் தூரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு மேட்டில் ஏறும்போது மேலே போக, மறு பங்கு பள்ளத்தில் கீழே இறங்க. முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினால் கீழே இறங்கும் பங்கிலிருந்து இரண்டு அங்குலத்தை எடுத்து மேலே கொடுக்கிறோம், மொத்தம் கூடுவதில்லை. பள்ளம் வரும்போது சில்லு கீழே போக வேண்டும். இடமில்லை என்றால் மேல் ஆர்ம் அந்த ரப்பரில் போய் அடிக்கும். அதோடு சில்லின் முழுப் பாரமும் ட்ரக்கின் மூக்கைத் தன்னோடு சேர்த்துக் கீழே இழுக்கும். நாம் முதுகில் வாங்கும் அடி அதுதான். ஷொக்கும் ஏற்கெனவே முழுநீளத்துக்குக் கிட்ட இழுபட்டு நிற்பதால், அதுவும் உள்ளே முட்டத் தொடங்கும். அதே நீளத்தில் புது ஷொக் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். என் 640 டொலர் போன வழி அது. ப்ளவ் இருந்த மாதங்களில் அதன் பாரம் மூக்கை அமர்த்தி, சில்லுக்கு இறங்க இடம் கொடுத்திருந்தது. கழற்றியதும் மூக்கு இன்னும் மேலே போய் ரப்பரில் ஒட்டிக்கொண்டது.

போல்ட்டைத் திருக்கினால் ஸ்பிரிங் இறுகிவிடும், அதனால்தான் குலுக்குகிறது என்று பல மெக்கானிக்குகளே சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அது சரியில்லை, சரியில்லாத அந்த விளக்கத்தால் ஆட்கள் தேவையில்லாத செலவு செய்கிறார்கள். தண்டின் இறுக்கம் அதன் தடிப்பையும் நீளத்தையும் உருக்கையும் பொறுத்தது. தடிப்பு 10 வீதம் கூடினால் இறுக்கம் 46 வீதம் கூடும், அவ்வளவு நுணுக்கமானது. ஆனால் போல்ட்டைத் திருக்கும்போது தண்டு தடிக்கவும் இல்லை, குறுகவும் இல்லை. வண்டி தரையில் நிற்கும்போது தண்டு எவ்வளவு முறுகியிருக்க வேண்டும் என்பதை வண்டியின் பாரம்தான் முடிவுசெய்கிறது. பாரம் மாறாதபோது முறுக்கும் கிட்டத்தட்ட மாறாது. போல்ட் செய்வது தண்டின் பின் முனையைக் கொஞ்சம் சுழற்றி ஆர்மைக் கீழே தள்ளுவது மட்டும்தான். ஆர்மின் சாய்வு மாறுவதால் வரும் வித்தியாசம் சிறியது. இடிக்குக் காரணம் இறங்க இடமில்லாமை. இது விளங்கினால், மென்மையான ரயர், விலை கூடிய ஷொக் என்று தேடிப் போக மாட்டீர்கள்.

வேறு தொல்லைகளும் கூடவே வரும். ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கும்போது சில்லு மேலும் கீழும் நேராகப் போகாமல் பக்கவாட்டிலும் நகரும். ஸ்டியரிங் கம்பிகளின் சாய்வும் அதோடு பொருந்தாமல் போவதால் மேடுபள்ளத்தில் வண்டி தானாக இடம் வலம் அலையும். 401இல் லொறிகளுக்கு நடுவில் அது பயம்தான். முன் அச்சுத்தண்டின் மூட்டுகள் கூடிய கோணத்தில் சுழல்வதால் அவற்றின் ரப்பர் உறைகள் வெடிக்கும். போல் ஜொயின்ட் சீக்கிரம் தேயும். எனக்கு 1,150 டொலர் வேலை வந்ததற்குக்கூட இந்த உயரம் ஒரு பங்குக் காரணமாக இருந்திருக்கும், வயதும் ஒரு பங்கு. இரவில் எதிரே வருபவர்கள் அடிக்கடி லைட் அடித்துக் காட்டியதன் காரணமும் அப்போதுதான் பிடிபட்டது. மூக்கு உயர்ந்தால் ஹெட்லைட்டும் மற்றவர் கண்ணுக்குத்தான் அடிக்கும்.

சரி, தளர்த்திவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கே இன்னொரு சிக்கல். அண்ணை குறுக்குச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கீ கொம்பனிக் கீ இல்லை என்றார். சந்தையில் வேறு கோணத்தில் வெட்டிய கீகள் கிடைக்கின்றன. போல்ட்டை அதிகம் திருக்காமலே கூடுதலாகத் தூக்க அவை உதவும். இதைப் போட்டால் ஓட்டம் கெடாது, பழைய கீயைத் திருக்கினால்தான் கெடும் என்று ஒரு கதையும் உலவுகிறது. யோசித்துப் பாருங்கள், தண்டுக்குத் தன் பின் முனையைச் சுழற்றியது எந்தக் கீ என்று தெரியாது. ஒரே உயரத்தில் நின்றால் ஒரே ஓட்டம்தான். என் விஷயத்தில் அந்தக் கீகள் இருந்தபடியால், போல்ட்டைத் தளர்த்தினாலும் பழைய உயரத்துக்கு முழுதாக இறங்காது. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடத்தில் கொம்பனிக் கீ ஒரு சோடி 60 டொலருக்கு எடுத்தேன்.

இந்த வேலையை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் அடுத்ததைக் கவனமாக வாசியுங்கள். கீயைக் கழற்றுவது வேறு, போல்ட்டைத் திருக்குவது வேறு. கழற்றும்போது தண்டில் முறுகி நிற்கும் சக்தி முழுவதையும் ஒரு கருவி பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே கவ்வி மாதிரி தடித்த கருவி இருக்கிறது, வாங்கலாம், சில இடங்களில் இரவலாகவும் தருவார்கள். கியர் இழுக்கும் சாதாரணக் கருவியை வைத்துச் செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அது வழுக்கினால் கீயோ போல்ட்டோ துப்பாக்கிக் குண்டாக வரும். அண்ணை தன் கருவியைப் பொருத்திய பிறகும் முகத்தை ஒருபோதும் அந்தக் கோட்டில் வைக்கவில்லை. எங்கள் ஊர் வீதி உப்பில் போல்ட் கறள் ஏறி இறுகியிருந்தது. முதல் நாள் மாலையே எண்ணெய் அடித்து ஊற விட்டார், அப்படியும் ஒரு பக்கத்துப் போல்ட்டின் புரி கழன்றுவிட்டது. போல்ட்டையும் அது ஏறும் நட்டையும் புதிதாகப் போட்டு, இறுகாமல் இருக்கக் கிரீஸும் பூசினார்.

உயரத்தை மட்டும் மாற்றுவது என்றாலும் சில்லு தரையில் இருக்கும்போது திருக்க வேண்டாம். பாரத்தோடு திருக்கினால் புரி போய்விடும். சேசிஸை ஜாக் ஸ்டாண்டில் வைத்து, முன் சில்லுகள் தொங்கும்போது திருக்க வேண்டும். தொடுவதற்கு முன் போல்ட்டில் பெயின்ட்டால் கோடு போட்டு, எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று படம் எடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை திருக்கினால் ஒரே உயரம் வரும் என்று இல்லை. பெட்ரோல் தாங்கி ஒரு பக்கம் இருக்கிறது, தண்டுகளும் ஒரே அளவில் தளர்ந்திருக்காது. இறக்கிய பிறகு உடனே அளக்காதீர்கள். தூக்கி இறக்கிய வண்டியில் சில்லுகள் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை அமத்தி ஆட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அளப்பதும் சில்லுக்கு மேலுள்ள தகட்டு விளிம்பிலிருந்து அல்ல. ரயரின் காற்று, தேய்வு, பழைய விபத்து எல்லாம் அந்த அளவைக் குழப்பும். கீழ் ஆர்ம் சேசிஸில் பூட்டிய போல்ட்டின் உயரத்துக்கும் அதன் வெளிமுனையின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கொம்பனியின் பழுதுபார்க்கும் கையேடு கேட்கிறது. எந்த மாதிரிக்கு எவ்வளவு என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் மெக்கானிக்கிடம் அந்த அளவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவு என்னவென்றே தெரியாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கீ, போல்ட், கூலி, கடைசியாக ஒரு அலைன்மென்ட், எல்லாம் சேர்த்து 500 டொலருக்குள் வந்தது. அன்று பின்னேரம் அதே 401, அதே பாலங்கள். இணைப்புகள் வந்தன, போயின, தோளுக்கு ஒன்றும் வரவில்லை. அது கார் இல்லை, இறுக்கமான வண்டிதான், ஆனால் அடி இல்லை. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் கூட வந்தது. அளவு நாடாவை எடுத்து ஒருமுறை அளந்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயத்துக்கு எத்தனை உதிரிப்பாகம் மாற்றியிருக்கிறார்கள்!

அதற்காக எல்லா வண்டியையும் இறக்கச் சொல்லவில்லை. பழைய தண்டுகள் காலப்போக்கில் தளர்ந்து மூக்கு வேண்டியதைவிடத் தாழ்ந்துவிடுவதும் உண்டு. அப்போது கீழ் ஆர்ம் மறுபக்கத்து ரப்பரில் போய் உட்காரும், சின்ன மேட்டுக்கும் அடி விழும். அப்படிப்பட்ட வண்டியைக் கையேட்டு அளவுக்கு உயர்த்தினால் ஓட்டம் மென்மையாகும். உயர்த்தினால் நல்லது என்று சிலர் சத்தியம் பண்ணுவது இதனால்தான். அவர்கள் வண்டி தாழ்ந்து கிடந்திருக்கிறது. அடி எப்போது விழுகிறது என்று கவனித்தால் எது என்று பிரித்தறியலாம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஏறும்போது முட்டினால் தாழ்ந்திருக்கிறது, சில்லு மறுபக்கம் இறங்கும்போது ‘டக்’ என்றால் உயர்ந்திருக்கிறது.

ரயர்க் காற்றையும் பாருங்கள். இந்த வண்டிகளுக்குப் போடும் கனரக ரயரின் பக்கத்தில் 80 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். அது முழுப் பாரத்துக்கான உச்ச அளவு. சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறது, முன்னுக்குப் பொதுவாகக் குறைவு. எனக்கு ரயர் மாற்றிய இடத்தில் நான்கிலும் 80 அடித்துத்தான் விட்டிருந்தார்கள். அதைக் குறைத்ததே தனியாகத் தெரிந்தது, செலவும் இல்லை.

அடுத்த குளிர்காலத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ப்ளவ்வை மாட்டியதும் மூக்குத் தாழத்தான் செய்யும். போல்ட்டைத் திருக்கி உயர்த்தினால் அந்த அச்சு தாங்கும் பாரம் கூடிவிடாது. அதன் எல்லை கதவுத் தாளில் எழுதியதுதான், உயரமாக நிற்பதால் எடை குறையவில்லை. முதலில் பின்பெட்டியில், பின் சில்லுக்கும் பின்னால், உப்பு மூட்டைகளை அடுக்கினேன். ப்ளவ் செய்யும் கொம்பனிகளே எந்த வண்டிக்கு எவ்வளவு எதிர்ப்பாரம் என்று சொல்கிறார்கள். அது முன் அச்சின் சுமையைக் குறைக்கும். பிறகு, கீழ் ஆர்முக்கு மேலே பொருத்தும் தடித்த ரப்பர் உதவி ஸ்பிரிங் ஒரு சோடி போட்டேன், பாரம் வந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். தடித்த டோர்ஷன் பார் போடலாமே என்று அண்ணையிடம் கேட்டேன். ஜிஎம்மின் ஸ்னோ ப்ளவ் தயார்நிலைப் பொதியோடு வந்த வண்டிகளுக்கு அப்படி வலுவான தண்டுதான் வரும். ஆனால் கோடையிலும் அதே இறுக்கத்தோடு ஓட வேண்டும், உனக்கு அது சரிவராது என்றார். வருடம் முழுவதும் பாரத்தோடு ஓடுபவருக்கு அது சரி.

இனி ப்ளவ்வோடு வண்டி பார்க்கப் போகிறவர்கள், ப்ளவ்வைக் கழற்றித் தரச் சொல்லி, அது இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இப்போதைய மாதிரிகளில் கழற்றச் சில நிமிடம்தான் ஆகும். மாட்டேன் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். டோர்ச் ஒன்றும் கொண்டு போங்கள். மேல் ஆர்முக்குக் கீழே விரல் போகிறதா, குறுக்குச் சட்டத்தில் இரண்டு போல்ட்டும் ஒரே அளவு வெளியே நிற்கின்றனவா, கீயில் வேறு நிறமோ வேறு வார்ப்போ தெரிகிறதா, அச்சுத்தண்டு உறை வெடித்துக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். தூக்கியிருக்கிறது என்பதற்காக வாங்காமல் வர வேண்டியதில்லை. கீ, அலைன்மென்ட், கூலி என்று 500 டொலர் கணக்கைச் சொல்லி விலையைக் குறையுங்கள், ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.